எல்லா மரபணுவும் இருக்கிறது, விந்தணு மட்டும் இல்லை: ஏன்?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு அலையும் தம்பதிகள் சிலரின் கோப்பில், ஒன்றோடொன்று பொருந்தாதது போலத் தோன்றும் இரண்டு தாள்கள் இருக்கும். முதல் தாள் விந்துப் பரிசோதனை. மாதிரியை இயந்திரத்தில் சுழற்றி, அடியில் தங்கிய வண்டலையும் நுண்ணோக்கியில் தேடியாயிற்று. விந்தணு ஒன்றுகூடத் தென்படவில்லை. இந்த நிலைக்கு அசூஸ்பெர்மியா என்று பெயர். இரண்டாம் தாள் குரோமோசோம் பரிசோதனை: 46, எக்ஸ்ஒய், இயல்பு. ஒய் குரோமோசோமில் துண்டு எதுவும் விடுபடவில்லை என்று கூடவே ஒரு வரியும் இருக்கலாம்.

'ஜீன் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு போட்டிருக்கே, அப்புறம் எதனால இப்படி?' என்று கேட்பார்கள். மருத்துவர் 'காரணம் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டால், வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் கிளம்பும். மடியில் வைத்த லேப்டாப், யாரோ வைத்த செய்வினை, கடைசியில் மனைவியின் ஜாதகம். ஆண்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு அசூஸ்பெர்மியா இருக்கிறது. குழந்தையின்மைக்காகச் சிகிச்சைக்கு வரும் ஆண்களில் 10 முதல் 15 விழுக்காடு வரை. அரிதான விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

விந்தணு உருவாகும் இடத்தில், ஒரு மரபணு இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். அது எந்த நாளில் வாசிக்கப்படுகிறது, எந்த நாளில் வாயை மூடிக்கொள்கிறது என்பது மீதிப் பாதி. வழக்கமான பரிசோதனைகள் முதல் பாதியில் ஒரு சிறு பகுதியை மட்டுமே பார்க்கின்றன. அதனால்தான் தாள் 'இயல்பு' என்று சொன்ன பிறகும் மரபணுக் கோளாறு ஒளிந்திருக்க முடிகிறது.

## இருப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு

மனிதச் செல்லில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. தோலிலும் அதே 20,000, கல்லீரலிலும் அதே 20,000. கல்லீரல் தனக்கு வேண்டியவற்றை மட்டும் திறந்து வாசித்து, மற்றதை மூடி வைத்திருப்பதால்தான் அது கல்லீரலாக இருக்கிறது. இதற்கு மரபணு வெளிப்பாடு என்று பெயர். இரண்டு கட்டங்களாக நடக்கும்:

1. படியெடுத்தல். டிஎன்ஏவில் இருக்கும் மரபணுவிலிருந்து தூது ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படுகிறது. எந்த மரபணுவை எப்போது திறப்பது என்பதைப் படியெடுப்புக் காரணிகள் என்ற புரதங்கள் தீர்மானிக்கின்றன.
2. புரதமாக்குதல். அந்த நகலை ரைபோசோம் படித்து, அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதம் செய்கிறது.

பெரும்பாலான செல்களில் முதல் கட்டம் முடிந்த கையோடு இரண்டாவது தொடங்கிவிடும். விந்தணுவாக மாறும் செல்லிலோ இரண்டுக்கும் நடுவே நாள்கணக்கில் இடைவெளி விழுவதுண்டு. முக்கியமான சிக்கலே அங்கேதான் இருக்கிறது, பிறகு வருவோம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. நம் உடலிலேயே மிக அதிக வகை மரபணுக்களைத் திறந்து வாசிக்கும் உறுப்பு எது என்று கேட்டால் பலரும் மூளை என்பார்கள். விடை விரை. மொத்த மரபணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அங்கே ஏதாவது ஒரு கட்டத்தில் படியெடுக்கப்படுகிறது. ஏன் இவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. வாசிக்கும் சாக்கில் டிஎன்ஏவின் பழுதுகள் சரிபார்க்கப்படுகின்றன என்கிறது ஒரு தரப்பு. கட்டு தளர்ந்த குரோமோசோமில் தேவையற்றதும் சேர்த்து வாசிக்கப்படுகிறது, அவ்வளவுதான் என்கிறது இன்னொரு தரப்பு. எது சரியாக இருந்தாலும் நோயாளிக்கு விளைவு ஒன்றுதான்: இத்தனை மரபணுக்கள் வேலை செய்யும் இடத்தில், எங்கே பிசகினாலும் உற்பத்தி நின்றுபோகலாம்.

## நுண்குழலுக்குள்

விரையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் வட்ட வட்டமாகத் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு நுண்குழலின் குறுக்குவெட்டு. சுவரை ஒட்டி வெளி வரிசையில் விந்துத் தாய்ச் செல்கள் உட்கார்ந்திருக்கும். அடுத்த வரிசையில் உட்கரு பெருத்து, குரோமோசோம்கள் நூல்நூலாகத் தெரியும் செல்கள். அதற்கும் உள்ளே சின்னச் சின்ன உருண்டைச் செல்கள். நடுவில் உள்ள வெற்றிடத்தை ஒட்டி, தலை ஒடுங்கி வால் நீட்டிய விந்தணுக்கள். சுவரிலிருந்து நடுப்பகுதி வரை நீண்டு, இவை அத்தனையையும் அணைத்துப் பிடித்திருப்பவை செர்டோலி செல்கள்.

வெளியிலிருந்து உள்ளே வரும் இந்த வரிசையே வளர்ச்சியின் கால வரிசை:

1. பெருக்கம். வெளி வரிசையில் உள்ள ஸ்டெம் செல்கள், அதாவது மற்ற செல்களுக்கு மூலமான செல்கள், சாதாரணப் பகுப்பில் பெருகுகின்றன. ஒரு பகுதி ஸ்டெம் செல்லாகவே தங்கிவிடும், மீதி அடுத்த கட்டத்துக்குப் போகும்.
2. மியாசிஸ் எனப்படும் குன்றல் பகுப்பு. அப்பாவழி குரோமோசோமும் அம்மாவழி குரோமோசோமும் ஜோடி சேர்ந்து, துண்டு மாற்றிக்கொண்டு, 46 என்பது 23 ஆகக் குறைகிறது.
3. உருமாற்றம். ஸ்பெர்மாட்டிட் என்ற உருண்டைச் செல் தன் உடம்பில் பெரும்பகுதியைக் கழற்றிப் போட்டு, வால் முளைத்து விந்தணுவாகிறது.

தொடக்கத்திலிருந்து முடிவு வரை சுமார் 64 முதல் 74 நாள். அதன்பின் விரையை ஒட்டியுள்ள எபிடிடிமிஸ் குழாயில் ஓரிரு வாரம் பயணம். எந்தச் சிகிச்சை தொடங்கினாலும் மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு வரச் சொல்வது இந்தக் கணக்கில்தான். இரண்டு வாரத்தில் எண்ணிக்கை ஏறும் என்று யாராவது மருந்து விற்றால், அவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

## கட்டளை யாரிடமிருந்து வருகிறது

மேல்மட்டக் கட்டளை, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரண்டு ஹார்மோன்கள். எல்எச் தூண்டியதும் விரையில் உள்ள லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டெரோனைச் சுரக்கின்றன. ஆனால் விந்தணுவாகப் போகும் செல்களில் டெஸ்டோஸ்டெரோனை உணரும் ஏற்பிகள் கிடையாது. ஹார்மோன் சொல்வதைக் கேட்பவை செர்டோலி செல்கள். அவைதான் அதை வேறு சமிக்ஞைகளாக மாற்றிக் கீழே அனுப்புகின்றன.

அவற்றில் ஜிடிஎன்எஃப் என்ற புரதம், ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாகவே வைத்திருக்கிறது. எதிர்த் திசையில் இழுப்பது ரெட்டினோயிக் அமிலம், நம் உடல் வைட்டமின் ஏவிலிருந்து தயாரிப்பது. அது வந்ததும் ஸ்ட்ரா8 என்ற மரபணு விழிக்கிறது. குன்றல் பகுப்பு தொடங்குகிறது. வைட்டமின் ஏ அறவே இல்லாத உணவு கொடுத்த எலிகளில் விந்தணு உற்பத்தி தொடக்கத்திலேயே நின்றுவிடும். இதைப் படித்துவிட்டு வைட்டமின் ஏ மாத்திரை வாங்க ஓட வேண்டாம். சாதாரணமாகச் சாப்பிடுபவருக்கு அந்தக் குறைபாடு இருக்காது. அளவு மிஞ்சினால் கல்லீரலுக்குக் கேடு.

குன்றல் பகுப்பின் நடுவில் எம்ஒய்பிஎல்1 என்ற படியெடுப்புக் காரணி ஒரு பெரிய கூட்டம் மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. அடுத்து, உருண்டை ஸ்பெர்மாட்டிட் கட்டத்தில் பொறுப்பேற்பது க்ரெம் என்ற இன்னொரு காரணி. 1996-இல் க்ரெம் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றி இரண்டு ஆய்வுக் குழுக்கள் எழுதின. ஆண் எலிகள் நன்றாகவே வளர்ந்தன. குன்றல் பகுப்பும் முடிந்தது. ஆனால் உருண்டைச் செல் உருண்டையாகவே நின்றது, வால் முளைக்கவில்லை. ஒரு காரணி இல்லை, அதனால் அதன் கீழ் வர வேண்டிய பல மரபணுக்கள், தாங்கள் முழுசாக இருந்தும், வாசிக்கப்படவே இல்லை.

## எக்ஸ் வாயை மூடும் நாள்கள்

குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். எக்ஸுக்கும் ஒய்க்கும் நுனியில் மட்டுமே பொருத்தம். மீதிப் பகுதிக்கு ஜோடி இல்லை. ஜோடி சேராமல் நிற்கும் குரோமோசோமைச் செல் சந்தேகத்துடன் பார்க்கிறது, அதன் மரபணுக்களை மொத்தமாக மூடிவிடுகிறது. ஆக, ஆண் செல்லில் சில நாள்களுக்கு எக்ஸ் குரோமோசோம் முழுக்க மௌனம்.

ஆனால் எக்ஸில் அன்றாடத் தேவைக்கான மரபணுக்களும் இருக்கின்றனவே? உதாரணமாக, சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கத் தேவையான பிஜிகே1 எக்ஸில்தான் இருக்கிறது. பரிணாமம் இதற்கு வழி செய்திருக்கிறது. அந்த மரபணுவின் நகல் ஒன்று வெகு காலத்துக்கு முன்பே 6-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டது. பிஜிகே2 என்ற அந்த நகல் விரையில் மட்டும், எக்ஸ் மூடும் காலத்தில் விழித்து வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

எக்ஸை மூடத் தவறினால் அந்தச் செல் அங்கேயே செத்துவிடும். வாசிக்கத் தவறுவது மாதிரியே, வாசிக்கக் கூடாத நேரத்தில் வாசிப்பதும் ஆபத்து.

இந்த மூடும் வேலையில் இன்னொரு பிரிவும் உண்டு. நம் டிஎன்ஏவில் ஏறக்குறைய பாதி, இடம் விட்டு இடம் தாவும் திறன் கொண்ட துண்டுகளும் அவற்றின் மிச்சங்களும்தான். அவை விந்தணுச் செல்லில் தாவ ஆரம்பித்தால் அந்தப் பழுது அடுத்த தலைமுறைக்கே போய்விடும். 2006-இல் சுண்டெலி விரையில் கண்டறியப்பட்ட பிவி-ஆர்என்ஏக்கள் என்ற குட்டி ஆர்என்ஏக்கள், பிவி புரதங்களோடு சேர்ந்து இவற்றை அடக்கி வைக்கின்றன.

## நகல் முன்னால், புரதம் பின்னால்

இப்போது அந்த இடைவெளி விஷயத்துக்கு வருவோம்.

சாதாரணச் செல்லில் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி இருக்கும். விந்தணுவின் தலை மிகச் சிறியது. அதற்குள் அடங்க இந்தச் சுற்று போதாது. எனவே ஸ்பெர்மாட்டிட் ஹிஸ்டோன்களைக் கழற்றி, இடைக்காலப் புரதங்களை வைத்து, கடைசியில் புரோட்டமீன்களைப் பொருத்துகிறது. புரோட்டமீனை 1874-லேயே சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் சால்மன் மீனின் விந்திலிருந்து பிரித்தெடுத்தவர் ஃப்ரீட்ரிஷ் மீஷர். மனித விந்தணுவில் 5 முதல் 15 விழுக்காடு ஹிஸ்டோன் மட்டும் மிஞ்சும். மீதி முழுவதும் புரோட்டமீன் பிடியில்.

அப்படி இறுகிய டிஎன்ஏவிலிருந்து நகல் எடுக்க முடியாது. உருமாற்றத்தின் நடுவிலேயே படியெடுத்தல் அறவே நின்றுபோகிறது. வேலையோ இன்னும் பாதி மிச்சம்: வால் முழுமை பெற வேண்டும், தலை வடிவெடுக்க வேண்டும், டிஎன்ஏவை இறுக்கும் புரோட்டமீனே இனிமேல்தான் தயாராக வேண்டும்.

தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் முதல் நாளே வாளி, அண்டா, பழைய பெயிண்ட் டின் என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைத்துவிடுவார்கள். குழாய் நின்ற பிறகு அதிலிருந்து எடுத்து எடுத்துப் புழங்குவார்கள். ஸ்பெர்மாட்டிட் செய்வதும் இதேதான். டிஎன்ஏ மூடப்படுவதற்கு முன்பே புரோட்டமீன் உள்ளிட்ட பல மரபணுக்களின் தூது ஆர்என்ஏக்களை எடுத்து, அவற்றின் மேல் புரதங்களைப் போர்த்தி, ரைபோசோம் தொடாதபடி சேமித்து வைக்கிறது. சுண்டெலியில் புரோட்டமீன் நகல் ஒரு வாரம் வரை இப்படிக் காத்திருக்கும். நேரம் வந்ததும் போர்வை விலகும், புரதம் உருவாகும்.

இந்தக் காத்திருப்பு அவசியம்தானா என்று சோதித்தவர்கள் உண்டு. தூது ஆர்என்ஏவின் வால்பகுதியில்தான் 'பொறு' என்ற குறிப்பு இருக்கிறது. 1995-இல் வெளியான சுண்டெலி ஆய்வில் புரோட்டமீன்1-இன் அந்த வால்பகுதியை மாற்றி வைத்தார்கள். நகல் காத்திருக்கவில்லை, புரதம் முன்கூட்டியே உருவானது. டிஎன்ஏ அவசரமாக இறுகியது, தலை கோணலானது, வளர்ச்சி நின்றது. புரோட்டமீன் புரதம் அதேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. வந்த நேரம் மட்டும் தப்பு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகத் தெளிவான சோதனை இதுதான் என்று படுகிறது. மரபணுவின் புரதக் குறியீட்டை மட்டும் படித்துப் பார்ப்பவர் இந்த எலியில் எந்தக் குறையும் காண மாட்டார்.

## ஒய் குரோமோசோமில் காணாமல் போவது என்ன

1976-இல் இத்தாலியைச் சேர்ந்த தியெப்போலோ, சுஃபார்டி இருவரும், விந்தணு இல்லாத சில ஆண்களுக்கு ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் நுனிப் பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். அந்தப் பகுதி பிற்பாடு ஏஇசட்எஃப் என்று பெயர் பெற்று, ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இங்குள்ள லேப்கள் 'ஒய் மைக்ரோடெலிஷன்' என்று தரும் பரிசோதனை தேடுவது இந்த மூன்றைத்தான். அவற்றில் உள்ள முக்கிய மரபணுக்களைப் பாருங்கள்:

1. ஏ பகுதியில் டிடிஎக்ஸ்3ஒய்: ஆர்என்ஏவின் முறுக்கைப் பிரிக்கும் புரதம்.
2. பி பகுதியில் ஆர்பிஎம்ஒய்: ஆர்என்ஏவைப் பிடித்து, வெட்டி ஒட்டும் வேலையில் உதவும் புரதம்.
3. சி பகுதியில் டேஸ், அதுவும் நான்கு பிரதிகள்: தூது ஆர்என்ஏவைப் பிடித்து, புரதமாவதை நெறிப்படுத்தும் புரதம். 1995-இல் கண்டறியப்பட்டது.

மூன்றுமே ஆர்என்ஏவைக் கையாளுபவை. வாலையோ தலையையோ நேரடியாகக் கட்டும் புரதங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. மற்ற மரபணுக்களின் செய்தியைப் பராமரிப்பவை போய்விட்டதால், செய்திகள் இருந்தும் பயன்படாமல் போகின்றன.

எந்தப் பகுதி போயிருக்கிறது என்பது சிகிச்சையையே மாற்றும். ஏ முழுதாக இல்லாவிட்டால் நுண்குழலில் செர்டோலி செல்கள் மட்டுமே இருக்கும். பி முழுதாக இல்லாவிட்டால் வளர்ச்சி குன்றல் பகுப்போடு நிற்கும். இந்த இரண்டிலும் அறுவை செய்து தேடினாலும் விந்தணு கிடைக்காது என்பதால் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. சி மட்டும் இல்லாதவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடமாவது விரைக்குள் விந்தணு கிடைக்க வாய்ப்புண்டு. விடுபடல்களில் பெரும்பான்மை சி வகை என்பது இதில் ஓர் ஆறுதல்.

## 'இயல்பு' என்ற வரி எதைச் சொல்கிறது

குரோமோசோம் பரிசோதனை எண்ணிக்கையையும் பெரிய உடைசல்களையும் பார்க்கும். 47, எக்ஸ்எக்ஸ்ஒய் என்ற கிளைன்ஃபெல்டர் நிலை அதில் சிக்கும். ஆண் குழந்தைகளில் சுமார் 600-க்கு ஒருவருக்கு இருப்பது. ஒய் பரிசோதனை மேலே சொன்ன மூன்று பகுதிகளைப் பார்க்கும். அவ்வளவுதான். ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, க்ரெம் போன்ற ஒரு காரணி குறைவாக உருவானாலோ, சேமித்த நகல் நேரம் தப்பிப் பிரிந்தாலோ இரண்டும் 'இயல்பு' என்றே சொல்லும். எக்ஸ் குரோமோசோமில் டெக்ஸ்11 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் குன்றல் பகுப்பு பாதியில் நிற்கும் என்று 2015-இல் தெரிய வந்தது. அதைக் கண்டுபிடிக்க மரபணு வரிசையையே படிக்க வேண்டும். எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்யும் சோதனை அது இல்லை.

விரைத் திசுப் பரிசோதனை வேறு வகைத் தகவல் தரும். வட்டத்தின் எந்த வரிசை வரை செல்கள் இருக்கின்றன என்பதை வைத்து, எந்தக் கட்டத்தில் வேலை நின்றது என்று சொல்லிவிடலாம். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு விஷயம்: உற்பத்தி நின்றதா, அல்லது உற்பத்தி ஒழுங்காக நடந்தும் வரும் வழியில் அடைப்பா? அடைப்பு என்றால் இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது, சிகிச்சையும் சுலபம். எஃப்எஸ்எச் அளவும் விரையின் பருமனும் இதைப் பிரித்துக்காட்ட உதவும். மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

## ஊசியும் மூலிகையும்

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் சிலர் டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஆண்மை ஹார்மோன்தானே, விந்தணுவும் கூடும் என்று ஒரு நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் நிறுத்திவிடும். விரைக்குள் டெஸ்டோஸ்டெரோன் ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு இருக்க வேண்டும். ஊசியால் அந்த அளவை எட்ட முடியாது. செர்டோலி செல்களுக்குக் கட்டளை வராது, உற்பத்தி படுத்துவிடும். ஆண்களுக்கான கருத்தடையாக இதை உலகச் சுகாதார நிறுவனமே சோதித்துப் பார்த்திருக்கிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் திரும்பிவிடும்; சிலருக்கு இரண்டு ஆண்டுகூட ஆகும். வெட்கப்பட்டு மருத்துவரிடம் மறைத்தால், தேவையில்லாத பரிசோதனைக்கெல்லாம் ரிங்கிட்டைக் கொட்ட வேண்டி வரும்.

தொங்காட் அலி என்ற மூலிகை கலந்த காப்பிப் பொட்டலம் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். அதைக் குடிப்பதால் விடுபட்ட டேஸ் மரபணு திரும்பி வராது. நின்றுபோன குன்றல் பகுப்பும் நகராது. மாறாக, ஆண்களுக்கான 'மூலிகை' என்று விற்கப்படும் சிலவற்றில் எழுச்சி மாத்திரைகளில் உள்ள ரசாயனத்தைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது பிடித்து அறிவிக்கிறது. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தில் அமைச்சிடம் பதிவானதைக் காட்டும் எம்ஏஎல் எண் இருக்கிறதா என்றாவது பார்க்கலாம்.

அறுவை, குழாய்க் குழந்தை முறை என்று போனால் செலவு கணிசமாகும். 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து இதற்குப் பணம் எடுக்கவும், வருமான வரியில் கழிவு கேட்கவும் வழி இருக்கிறது. சி பகுதி விடுபட்டவர்கள் மட்டும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் ஒய் குரோமோசோம் மகனுக்கு அப்படியே போகும், அந்த விடுபடலும் சேர்ந்தே போகும். பிறக்கும் மகன் மற்றபடி ஆரோக்கியமாக இருப்பான், ஆனால் வளர்ந்தபின் இதே பிரச்சினை அவனுக்கும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். மகள் என்றால் ஒய்யே போகாது, இந்தப் பேச்சே இல்லை. தம்பதிகள் இதை மரபியல் ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசுவது நல்லது. கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. குழந்தைப்பேறு மருத்துவரிடமே பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.